பராமரிப்புக்காக நான் எழுதிய கணக்கு

சென்ற ஆண்டு குளியலறையில் வழுக்கி விழுந்து என் இடுப்பு எலும்பு முறிந்தபோது, அறுவை சிகிச்சைச் செலவின் பெரும்பகுதியைக் காப்பீடு ஏற்றுக்கொண்டது. ஆனால் வீடு திரும்பிய பின் என்னைத் தூக்கி உட்கார வைக்கவும் கழிவறைக்கு அழைத்துச் செல்லவும் வந்த பெண்ணின் மாதச் சம்பளம் 24,000 ரூபாய் முழுவதும் என் பொறுப்பாயிற்று. 70 வயதைக் கடந்தோருக்கு வருமான வரம்பின்றி ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உதவும் ஆயுஷ்மான் வய வந்தனா அட்டையும் மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கே உரியது என்பதை, என் வயதினர் பலர் அறியாமல் இருப்பது எனக்கு வேதனை அளிக்கிறது.

படுக்கையில் இருந்தபடியே ஒரு நோட்டில் இடப்பக்கம் ஓய்வூதியத்தையும், வலப்பக்கம் சம்பளம், டயப்பர், வாடகைக் கட்டில், மாத்திரை ஆகியவற்றையும் எழுதி வந்தேன். மூன்றாம் மாதம் வலப்பக்கம் மிஞ்சிவிட்டது. மூத்த குடிமக்கள் சேமிப்புக் கணக்கை முடித்துவிடலாம் என்று எண்ணித் தம்பி மகனைத் தபால் நிலையத்துக்கு அனுப்பினேன். ஓராண்டுக்குப் பின், இரண்டாண்டு நிறைவதற்குள் முடித்தால் அசலில் 1.5 சதவீதம் பிடித்துக்கொள்வார்கள் என்று அவன் விசாரித்து வந்து சொன்னதால், அசலைத் தொடாமல், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும் வட்டியைப் பராமரிப்புக்கென ஒதுக்கினேன்.

பெரிய ஆறுதல், 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம்தான். சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளும் இயன்முறைப் பயிற்சியும் கட்டணமின்றி வீட்டுக்கே வந்தன. கைத்தடியுடன் நடக்கத் தொடங்கிய பின், அந்தப் பெண் இப்போது பகலில் மட்டும் வருகிறார். சம்பளம் 13,000 ரூபாய்.