29 அடி ரேந்தை

சான் பிரான்சிஸ்கோவுக்கு வந்த முதல் ஜூலையில் குளிர் தாங்க முடியவில்லை. கோடைக்காலம் என்று நம்பிப் பருத்திச் சுடிதார்களாக எடுத்து வந்திருந்தேன். இங்கோ சாயங்காலம் ஆகுமுன்பே கடலிலிருந்து பனிமூட்டம் ஏறித் தெருவை மூடிவிடும். அம்மா பழைய சேலைகளை அடுக்கி, ஓட்டத் தையல் போட்டுத் தந்த விரிப்பைத்தான் நானும் அவளும் சேர்ந்து போர்த்திக்கொண்டோம். அவள் என் துணைவி. ஊரில் அவளுக்குப் பெயர் 'கூடத் தங்கியிருக்கிற பிள்ளை'.

எனக்குக் கன்னியாகுமரி மாவட்டத்து முளகுமூடு பக்கம். அம்மா ரேந்தை பின்னுவாள், லேஸ் என்பார்களே, அது. தலையணை மேல் குண்டூசிகளைக் குத்தி, நூல் சுற்றிய மரக்குச்சிகளை மாற்றி மாற்றிப் போடும் வேலை. 1820களில் நாகர்கோவிலில் மிஷனரி மார்த்தா மால்ட் சொல்லிக்கொடுத்து எங்கள் பக்கம் பரவிய தொழில் இது. ரேந்தை விற்ற காசில் அடிமைத்தளையிலிருந்து மீண்ட பெண்கள் உண்டு என்று அம்மா சொல்லும்போது அவள் முகமே மாறும்.

2018 செப்டம்பர் 6 அன்று, தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு ஒரே பாலினத்தவரை நேசிக்கும் எங்களைப் போன்றவர்களைக் குற்றவாளியாக்காது என்று உச்ச நீதிமன்றம் சொன்னபோது நான் வீட்டில்தான் இருந்தேன். அப்பா டிவியை அணைத்தார். அம்மா ரேந்தையிலிருந்து தலை நிமிரவில்லை. குச்சிகளின் சத்தம் மட்டும் நின்றுவிட்டது. அடுத்த வருடம் இங்கே வந்துவிட்டேன்.

இங்கே பக்கத்துத் தெருக் கூடத்தில் சனிக்கிழமைதோறும் குயில்ட் தைக்கிறார்கள். மேல்துணி, நடுவில் பஞ்சு, அடித்துணி, மூன்றையும் சேர்த்து ஓடும் தையல். எழுபது தாண்டிய ஒரு அம்மா என் தையலைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இந்தக் கையைப் பழக்கியது யார்?" என்று கேட்டார். எய்ட்ஸ் நினைவுக் குயில்ட்டைப் பற்றி முதலில் சொன்னவரும் அவர்தான். நண்பர் ஒருவருக்காக அதில் ஒரு துண்டு தைத்திருக்கிறார்.

1985 நவம்பரில் இதே ஊரில் ஒரு மெழுகுவர்த்தி ஊர்வலம். எய்ட்ஸில் இறந்தவர்களின் பெயர்களை அட்டையில் எழுதி அரசுக் கட்டடச் சுவரில் ஒட்டினார்கள். ஊர்வலத்தை ஏற்பாடு செய்த கிளீவ் ஜோன்ஸ் கண்ணுக்கு அந்தச் சுவர் ஒட்டுத்துணிப் போர்வையாகத் தெரிந்தது. அதில் பிறந்ததுதான் நினைவுக் குயில்ட். 1987 அக்டோபர் 11 அன்று வாஷிங்டனில் 1,920 துண்டுகள் விரிக்கப்பட்டன. ஒவ்வொன்றும் மூன்றடிக்கு ஆறடி, ஒரு ஆளைப் புதைக்கும் குழியளவு. உடலை வாங்க மறுத்த குடும்பங்களும், அடக்கம் செய்ய மறுத்த இடங்களும் இருந்த காலம் அது. பலருக்கு அந்தத் துணிதான் கல்லறை. இன்று ஏறத்தாழ 50,000 துண்டுகள், 54 டன் எடை.

2022 ஜூனில் கோல்டன் கேட் பூங்காப் புல்வெளியில் சுமார் 3,000 துண்டுகளை விரித்திருந்தபோது நாங்கள் போனோம். ஒன்றில் ஒருவருடைய சட்டையைப் பித்தான் கழற்றாமல் அப்படியே வைத்துத் தைத்திருந்தார்கள். காலர் ஓரம் நைந்திருந்தது. யாரோ பல வருடம் துவைத்துத் தேய்த்த சட்டை. அதற்கு மேல் என்னால் நடக்க முடியவில்லை, புல்லிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அன்று ராத்திரி அம்மாவுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். எங்களைப் பற்றியும்தான். வெகுநேரம் பேச்சில்லை. "சரி மக்கா, வைக்கேன்" என்றாள்.

இரண்டு மாதம் கழித்து ஒரு பார்சல் வந்தது. கடிதம் இல்லை. வடசேரிக் கைத்தறிச் சேலைத் துண்டுகள், என் பள்ளித் தாவணி, அம்மாவின் பிங்க் கல்யாணச் சேலையில் பாதி. எங்களைப் போன்றவர்களின் அடையாளம் வானவில் கொடி. கில்பர்ட் பேக்கர் 1978இல் உண்டாக்கிய முதல் கொடியில் எட்டு நிறம். பிங்க் துணி கிடைக்கவில்லை என்று பிறகு அந்தப் பட்டையைக் கைவிட்டார்கள். வந்த துணிகளை வைத்து நான் எட்டு நிறத்திலும் ஒரு குயில்ட் தைத்தேன், உச்சியில் அம்மாவின் பிங்க். அதன் ஜரிகை ஊசியை அடிக்கடி வழுக்கிவிட்டது. இரண்டு முறை பிரித்துத் தைத்தேன்.

வீடியோவில் காட்டினேன். அம்மா போனைக் கண்ணருகே கொண்டுபோய் ஓரத் தையலைத்தான் முதலில் பார்த்தாள்.

"ஓரம் மொட்டையாக் கிடக்கே மக்கா. ரேந்தை வச்சா நல்லாருக்கும். ரெண்டு பேரும் மூடுத அளவா இது?"

ஆமாம் என்றேன். ஏழடிக்கு ஏழரை அடி. சுற்றிலும் 29 அடி ரேந்தை வேண்டும்.

போன வாரம் வரை 11 அடி முடித்திருக்கிறாள்.