நுவரெலியாவில் மட்டும் ஒழுகிய ஒயில்

தைப்பொங்கல் லீவுக்கு நுவரெலியா போனோம். கார் 1993 கொரோலா, எஞ்சின் 5ஏ-எஃப்ஈ. திருகோணமலையில் அது ஒரு சொட்டு ஒயில் ஒழுகி நான் கண்டதில்லை. கந்தளாய், ஹபரணை, மாத்தளை, கண்டி தாண்டி றம்பொடை ஏற்றத்தையும் சத்தமில்லாமல் ஏறியது. மறுநாள் விடியப் புல்லெல்லாம் பனி. ஸ்டார்ட் பண்ணி ஐந்து நிமிடம் விட்டுக் குனிந்து பார்த்தால், தரையில் உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பு ஒயில்.

எஞ்சினும் கியர்பொக்ஸும் சேரும் இடத்தின் அடியிலிருந்து சொட்டியது. அங்கே ஒரு கராஜில் காட்டினேன். குனிந்தவர் நிமிர முன்பே, "கிராங்க் பின்பக்க சீல் போயிற்று, கியர்பொக்ஸ் இறக்க வேணும்" என்றார். எஞ்சினின் சுழல்தண்டைச் சுற்றி ஒயிலை அடைக்கும் றப்பர் வளையம்தான் அந்த சீல், சின்ன விலைதான். இறக்கி ஏற்றும் கூலிதான் ஆளைக் கொல்லும். ஊருக்குப் போய்ப் பார்க்கிறேன் என்று தப்பினேன்.

மாத்தளையில் தேத்தண்ணிக்கு நிறுத்தியபோது ஒழுக்கு நின்றிருந்தது. வீட்டில் ஒரு கிழமை அடியில் கார்ட்போர்ட் மட்டை போட்டு வைத்தேன். மட்டை காய்ந்தே கிடந்தது. கிழிந்த சீல் என்றால் ஒயில் இளகி ஓடும் சூட்டிலும் ஒழுக வேண்டுமே. கப்பல் எஞ்சின்களோடு காலம் கழித்த பக்கத்து வீட்டு அண்ணையிடம் சொன்னேன்.

"றப்பர் ஏதோ கல்லாகிப் போச்சு தம்பி. சூட்டில கொஞ்சம் இளகி அடைச்சுக்கொள்ளும். குளிரில சுருங்கி வழி விடும். மேலிருந்து வருதா என்று பார்."

முதலில் எஞ்சினுக்குள் சேரும் வாயுவை வெளியே விடும் பிசிவி வால்வைக் கழற்றிக் குலுக்கினேன், கடகடவென்றது, அடைப்பில்லை. அது அடைத்திருந்தால் உள்ளே அழுத்தம் கூடி, நல்ல சீலையும் ஒயில் தாண்டியிருக்கும். பிறகு எஞ்சினின் கியர்பொக்ஸ் பக்கத்தைக் கழுவிக் காயவிட்டு, பேபி பவுடர் தூவினேன். சந்தேகம் இரண்டு பேரில்: எஞ்சின் மேல்மூடியை அடைக்கும் வால்வ் கவர் காஸ்கெட்டின் மூலை, அதன் கீழே பிளக்குகளுக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர். எது ஒழுகினாலும் ஒயில் வழிந்து கியர்பொக்ஸின் மேல்தான் இறங்கும். அடியில் பார்ப்பவருக்குக் கிராங்க் சீல் மாதிரியே தெரியும்.

ஆனால் குளிருக்கு எங்கே போவது? மீன் சந்தையில் ஐஸ் வாங்கினேன். தண்ணீர் பட்டால் டிஸ்ட்ரிபியூட்டர் மக்கர் பண்ணும் என்பதால் இரட்டைப் பொலித்தீன் பையில் கட்டி, முதல் நாள் வால்வ் கவர் மூலையில் இரண்டு மணி நேரம் வைத்தேன். ஒன்றுமில்லை. அடுத்த நாள் டிஸ்ட்ரிபியூட்டரைச் சுற்றி வைத்தேன். "மீன் எங்கே?" என்று மனைவி கேட்டாள். ஸ்டார்ட் பண்ணி மூன்று நிமிடம் இருக்கும், டிஸ்ட்ரிபியூட்டர் எஞ்சினில் பொருந்தும் விளிம்புக்குக் கீழே பவுடரில் ஒரு ஈரக் கோடு. கோடு நீண்டு கியர்பொக்ஸை நோக்கி இறங்கியது. அன்று ஒயிலைக் கண்டு சந்தோஷப்பட்ட ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

கழற்ற இரண்டு போல்ட்தான். அதற்கு முன் அது இருந்த நிலையை ஆணியால் கீறி அடையாளம் வைத்தேன். பூட்டும்போது அது கொஞ்சம் திரும்பி நின்றாலும் பிளக்கில் பொறி விழும் நேரம், அதாவது டைமிங், மாறிவிடும். மூடியைத் திறந்து உள்ளேயும் பார்த்தேன். அங்கே ஒயில் இருந்தால் தண்டின் சீலும் போயிருக்கிறது, விளிம்பை அடைக்கும் ஓ-ரிங் என்ற றப்பர் வளையத்தை மட்டும் மாற்றிப் பயனில்லை. நல்ல காலம், காய்ந்திருந்தது. வெளியே இருந்த ஓ-ரிங் உருண்டையாக இல்லாமல் தட்டையாகி இருந்தது. வளைத்தேன், பிஸ்கட் மாதிரி உடைந்தது. உடைந்த துண்டுகளைக் கடைக்குக் கொண்டுபோய் அதே அளவில் புதியது வாங்கினேன். இரண்டு நாள் ஐஸுக்குக் கொடுத்த காசு அதைவிடக் கூட.

புதியதில் ஒயில் தடவிப் பூட்டி, கீறலுக்குக் கீறல் பொருத்தினேன். அண்ணை டைமிங் லைட் கொண்டுவந்து 10 டிகிரியில் நிற்கிறதா என்று பார்த்துத் தந்தார். மறுபடி ஒரு பை ஐஸ், மறுபடி பவுடர். இந்தத் தடவை வெள்ளை வெள்ளையாகவே இருந்தது.

ஏப்ரல் சீசனுக்குத் திரும்ப நுவரெலியா போகிறோம். கார்ட்போர்ட் மட்டை இன்னும் டிக்கியில்தான் கிடக்கிறது.