ஒரே ஒரு காந்தக் கீ: செய்து பார்த்த குறிப்புகள்

முதல் நாள்

கேமிங் கீபோர்டுகளில் வரும் காந்த சுவிட்சில், எந்த ஆழத்தில் கீ பதிவாக வேண்டும் என்பதை மென்பொருளிலேயே மாற்றிக்கொள்ளலாம். சாதாரண மெக்கானிக்கல் சுவிட்சில் அதற்கு வழியில்லை. உள்ளே இரண்டு உலோகத் தகடுகள் தொட்டால்தான் கீ பதிவாகும். செர்ரி எம்எக்ஸ் ரெட் என்ற சுவிட்சில் அது 2 மி.மீ., செய்யும்போதே முடிவான கணக்கு. காந்த சுவிட்சில் அந்தத் தகடே கிடையாது. தண்டின் அடியில் ஒரு பொடிக் காந்தம், ஒரு ஸ்பிரிங், அவ்வளவுதான். கீழே போர்டில் உட்கார்ந்திருக்கும் ஹால் சென்சார், காந்தம் எவ்வளவு நெருங்கிவிட்டது என்பதை வோல்டேஜாகச் சொல்கிறது. எட்வின் ஹால் 1879-ல் கண்டுபிடித்த விளைவு இது.

இதை என் கையால் அளந்து பார்க்க ஆசை. ஒரு காந்த சுவிட்ச், அதன் அடியில் 49ஈ லீனியர் ஹால் சென்சார், சென்சாரைப் படிக்க ஆர்டுயினோ ஊனோ என்ற சின்ன நிரல் போர்டு. 0 முதல் 5 வோல்ட் வரை உள்ளதை ஊனோ 0 முதல் 1023 வரையிலான எண்ணாகத் தரும். பக்கத்தில் காந்தம் இல்லாதபோது எண் 512-ஐ ஒட்டி நின்றது. ஒரு முனையைக் காட்டினால் ஏறுகிறது, மறுமுனையைக் காட்டினால் இறங்குகிறது. ஒரு கீபோர்டின் காந்த சுவிட்சைக் கழற்றி இன்னொன்றில் போட்டால் சில சமயம் வேலை செய்யாததற்கு இந்த முனைத் திசையும் ஒரு காரணம்.

இரண்டாம் நாள்

விரலால் அழுத்தி ஆழத்தை அளக்க முடியாது. சுவிட்சுக்கு மேலே ஒரு மரச்சட்டம் வைத்து, அதன் வழியே எம்3 ஸ்க்ரூவை இறக்கினேன். எம்3-க்கு ஒரு சுற்று 0.5 மி.மீ., ஆக இரண்டு சுற்றுக்கு ஒரு மி.மீ. ஆனால் எண்கள் ஒழுங்காகவே வரவில்லை. ஒரே ஆழத்துக்கு இறங்கும்போது ஒன்று, ஏறும்போது வேறொன்று. சென்சார் கெட்டுவிட்டது என்று நினைத்து இன்னொன்றை மாற்றியும் அதே கதை. பிறகுதான் உறைத்தது: ஸ்க்ரூ இரும்பு! காந்தத்தின் தலைக்கு மேலேயே இரும்பைக் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறேன். பித்தளை ஸ்க்ரூ போட்டதும் அளவுகள் நிலைத்தன.

அழுத்தாதபோது 537. ஒரு மி.மீ. இறங்கினால் 551, இரண்டில் 579, மூன்றில் 642, அடித்தட்டில் 812. முதல் மி.மீ.க்கு வெறும் 14 எண் வித்தியாசம், கடைசி மி.மீ.க்கு 170! தூரம் கூடக்கூடக் காந்தப்புலம் அவ்வளவு வேகமாகத் தேய்கிறது. எனக்கு இந்த முயற்சியிலேயே பிடித்த இடம் இதுதான். சுவிட்சுக்கு ஆழம் தெரியாது. அது தருவது வளைந்த ஒரு கோடு மட்டும். அதை மி.மீ. ஆக்குவது முழுக்க நிரலின் வேலை. கீபோர்டு வாங்கியதும் எல்லாக் கீயையும் அடிவரை அழுத்தி காலிபிரேட் செய்யச் சொல்வதும் இதற்காகத்தான்.

நான்காம் நாள்

ரேபிட் டிரிகர் எழுதினேன். கீ எந்த ஆழத்தில் இருந்தாலும், தொட்ட அடிப்புள்ளியிலிருந்து கொஞ்சம் மேலே வந்தாலே விட்டதாகக் கணக்கு. மறுபடி கொஞ்சம் இறங்கினால் அழுத்தியதாகக் கணக்கு. அவசரத்தில் "20 எண் மாறினால்" என்று எழுதிவிட்டேன். அடியில் அது 0.1 மி.மீ.க்கும் குறைவு, மேலே ஒரு மி.மீ.க்கு மேல். ஒரே கீ, இரண்டு குணம். அளந்த எண்களை அட்டவணையாக வைத்து, ஒவ்வொரு எண்ணையும் முதலில் மி.மீ. ஆக மாற்றி, பிறகு 0.2 மி.மீ. என்று ஒப்பிட்டதும் அடிப்பக்கம் அருமையாக வந்தது. கீயை மேலே விடாமல் அடியிலேயே விரலை லேசாகத் துடிக்கவிட்டால், கீ பதிவானதைக் காட்டும் எல்.ஈ.டி. ஒவ்வொரு துடிப்புக்கும் தனித்தனியாக மின்னுகிறது. 2 மி.மீ.யில் நிலையாக வைத்த முந்தைய நிரலில் அது அணையவே இல்லை.

மேல்பக்கம்தான் இன்னும் பாக்கி. அங்கே 0.1 மி.மீ. என்பது ஒரு எண்ணுக்குச் சற்று மேல். சும்மா இருக்கும்போதே எண் ஒன்றிரண்டு ஆடுகிறது. 16 முறை படித்துச் சராசரி எடுத்தால் ஆட்டம் அடங்குகிறது, ஆனால் ஒரு முறை படிக்க ஊனோவுக்குச் சுமார் 0.1 மில்லி செகண்ட் என்பதால் 1.6 மில்லி செகண்ட் போய்விடுகிறது. வேகத்துக்காகச் செய்யும் கீயில் அதை விட்டுக்கொடுக்க மனமில்லை. 0 முதல் 4095 வரை எண்ணும் 12 பிட் போர்டு ஒன்றை எடுத்து வைத்திருக்கிறேன். அது 3.3 வோல்ட்; அதனால் முதலில் இந்த சென்சாருக்கும் 3.3 வோல்ட்டே கொடுக்க வேண்டும், பிறகு பித்தளை ஸ்க்ரூவோடு எட்டுச் சுற்றையும் மறுபடி அளக்க வேண்டும்.