கொள்ளி வைக்கும் முன் சொல்லுங்கள்

அரசு மருத்துவமனையில் ஆலோசகராக இருக்கும் என்னிடம் உறவினர்கள் அடிக்கடி கேட்பது இதைத்தான்: "மேடம், புள்ளைகிட்ட நீங்களே சொல்லிருங்க. எங்களுக்கு வாய் வரல." போஸ்ட்மார்ட்டம் முடியக் காத்திருக்கும் கூட்டத்தில் பெரியவர்கள் எல்லாருக்கும் சேதி தெரியும். பிஸ்கட் பாக்கெட்டோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளையிடம் மட்டும், "அப்பாவுக்கு ஊசி போட்டிருக்காங்க, தூங்குறாரு" என்று யாராவது சொல்லி வைத்திருப்பார்கள்.

நான் சொல்வதில்லை. அன்றைக்கு ராத்திரி அந்தப் பிள்ளை யார் பக்கத்தில் படுக்கப் போகிறது என்று விசாரிப்பேன். அம்மாவோ, அம்மாச்சியோ, சித்தியோ, அவர்தான் சொல்ல வேண்டும். ட்யூட்டி முடிந்தால் நான் வீட்டுக்குப் போய்விடுவேன். பாதி ராத்திரியில் பிள்ளை எழுந்து கேட்டால் பதில் சொல்ல அவர்தானே இருப்பார்? அழுகை வந்தால் அழுதுகொண்டே சொல்லட்டும். நான் கூடவே உட்கார்ந்திருப்பேன்.

"சாமிகிட்ட போயிட்டாரு" என்றால், எப்போது திரும்பி வருவார் என்று குழந்தை கேட்கும். "தூங்குறாரு" என்றால் தூங்கப் பயப்படும். "அப்பா இறந்துட்டாரு. டாக்டருங்க எவ்வளவோ பாத்தும் காப்பாத்த முடியல. இனிமே வரமாட்டாரு." இவ்வளவு போதும்.

செத்தவர் திரும்ப மாட்டார், செத்த உடம்புக்கு எதுவும் தெரியாது, சாவு எல்லாருக்கும் உண்டு. இந்த மூன்றும் பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஐந்திலிருந்து ஏழு வயதுக்குள் பிடிபடுகின்றன என்று 1984-இல் ஸ்பீஸ், பிரென்ட் என்ற ஆய்வாளர்கள் எழுதினார்கள். நான் பார்த்தவரை இரண்டாவதுதான் பிள்ளைகளை அதிகம் வதைக்கிறது. மாமா போனில் ஃப்ரீசர் பாக்ஸுக்குச் சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்ட ஐந்து வயதுப் பெண் தன் சித்தியிடம், "அம்மாவுக்குக் குளிராதா?" என்றாள். சித்தி என்னைப் பார்த்தார். நான் தலையசைத்ததும் அவளை மடியில் இழுத்துக்கொண்டு, "குளிராதுடா தங்கம். இறந்துட்டா குளிரு, பசி, வலி எதுவுமே தெரியாது" என்றார். அவள் அதையே மூன்று தடவை கேட்டாள். மூன்று தடவையும் சித்தி அதே பதிலைச் சொன்னார். அப்படித்தான் சொல்ல வேண்டும்.

நம் வழக்கத்தில் இது இன்னும் அவசியம். பல குடும்பங்களில் அப்பாவுக்கு மூத்தவன், அம்மாவுக்கு இளையவன் கொள்ளி வைக்க வேண்டும். எட்டு வயதுப் பையனிடம் காலையில் 'தூங்குறாரு' என்று சொல்லிவிட்டு, சாயங்காலம் மொட்டை அடித்து, தோளில் குடத்தை ஏற்றி, கையில் கொள்ளியைக் கொடுக்கிறோம். தூங்கும் அப்பாவுக்கு நெருப்பு வைத்ததாக அவன் நினைத்தால் அந்தப் பாரத்தை எங்கே இறக்கி வைப்பான்? அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு பதறுகிறது. சுடுகாட்டுக்குக் கிளம்பும் முன் அவனுக்கு எல்லாம் தெரிந்திருக்க வேண்டும்: என்ன செய்யப் போகிறார்கள், ஏன் செய்கிறார்கள், அப்பாவுக்கு வலிக்காது என்பது. 'எனக்குப் பயமா இருக்கு' என்றால் சித்தப்பாவோ மாமாவோ அவன் கையைப் பிடித்துக்கொள்ளட்டும். முடியவே முடியாது என்றால் வேறொருவர் வைக்கட்டும்.

தற்கொலை என்றால், நான் சேட்டை செய்ததால்தான் அம்மா இப்படிச் செய்துகொண்டாரா என்று வாய்விட்டுக் கேட்கும் பிள்ளைகள் குறைவு. கேட்காவிட்டாலும் 'உன்னால இல்ல' என்று சொல்லிவிடச் சொல்வேன்.

சேதி கேட்ட கொஞ்ச நேரத்தில், "அப்ப நாளைக்கு யாரு என்னை ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போவா?" என்று கேட்கும் பையனைப் பார்த்து, 'கல் நெஞ்சு' என்று பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். தனக்கு இனி யார் இருக்கிறார்கள் என்றுதான் அவன் கேட்கிறான். பேர் சொல்லிப் பதில் கொடுக்க வேண்டும்: "மாமா கூட்டிட்டுப் போவாரு." அந்த மாமா, பிள்ளை பள்ளிக்குத் திரும்பும் முன்பே கிளாஸ் டீச்சரைப் பார்த்து விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். ரேங்க் கார்டில் அப்பாவிடம் கையெழுத்து வாங்கி வா என்று யாரும் அவனிடம் சொல்லிவிடக் கூடாது.