குளிரில் கியர் மக்கர் செய்கிறதா? ஸ்டர்மி ஆர்ச்சர் ஹப்பை அவசரப்பட்டுப் பிரிக்காதீர்கள்

நாட்டிங்ஹாமில் 1902-இல் தொடங்கிய ஸ்டர்மி ஆர்ச்சர் கம்பெனியின் மூன்று கியர் ஹப் (பின்சக்கரத்தின் நடுவே கியர் அடங்கிய உருளை), இங்கிலாந்தின் பழைய ராலே சைக்கிள்களில் சாதாரணமாகக் கிடைக்கும். அதிலும் 1936-இல் வந்த ஏ.டபிள்யூ. மாடல்தான் அதிகம். டிசம்பர், ஜனவரியில் வெளியே ஓட்ட முடியாதபோது இதைப் பிரித்துச் சுத்தம் செய்யத் தோன்றும். ஆனால் குளிரில் "கெட்டுப்போன" ஹப் பலவற்றில் தேய்மானமே இருக்காது. உள்ளே பழைய எண்ணெய் பிசினாக இறுகிக் கிடக்கும், அவ்வளவுதான்.

எது ஒட்டிக்கொண்டது என்பதை ஓட்டிப் பார்த்தே சொல்லிவிடலாம். உள்ளே இரண்டு ஜோடி கவ்வு நாக்குகள் (வெளியே நீண்டு ஹப் உடலைப் பிடித்து இழுக்கும் சின்னக் கொக்கிகள்) உண்டு. ஒரு ஜோடி உட்பல் வளையத்தில், இன்னொன்று சின்னப் பல்சக்கரங்களைத் தாங்கும் கூண்டில். மூன்றாம் கியர் இரண்டாவது போலவும், இரண்டாவது முதல் கியர் போலவும் மிதித்தால் வளையத்து நாக்குகள் வெளியே வரவில்லை என்று பொருள். கூண்டின் நாக்குகள் குறைந்த வேகத்தில் இழுத்துக்கொண்டிருக்கும். முதல் கியரில் மட்டும் பெடல் வெறுமனே சுற்றினால் கூண்டின் நாக்குகள்தான் மாட்டிக்கொண்டிருக்கின்றன. சக்கரத்தை ஓர் இரவு வெதுவெதுப்பான அறையில் வையுங்கள். காலையில் சரியாக ஓடி, வெளியே கொண்டுபோனதும் மறுபடி வழுக்கினால் பிசினேதான். எண்ணெய் மூடி வழியே மண்ணெண்ணெயும் மெல்லிய எண்ணெயும் கலந்து விட்டு, சுற்றிவிட்டு, படுக்கப்போட்டு வடியவிட்டாலே பாதி வேலை முடியும்.

அதற்கும் மசியாவிட்டால்தான் பிரிக்க வேண்டும். முதலில் அடையாளம். ஹப் உடலில் மாடல் எழுத்தும் எண்களும் பொறித்திருக்கும்: 58 3 என்றால் 1958 மார்ச். ஆனால் அது வெளிக்கூட்டின் வயதைத்தான் சொல்லும், உள்பாகம் மாற்றப்பட்டிருக்கலாம். ஸ்ப்ராக்கெட்டை (சைக்கிள் செயின் ஓடும் பல்சக்கரம்) கையால் சுற்றி எண்ணுங்கள். ஏ.டபிள்யூ.வில் முதல் கியரில் நான்கு சுற்றுக்குச் சக்கரம் மூன்று சுற்றும். மூன்றாவதில் மூன்று சுற்றுக்கு நான்கு. ஏ.எம். மாடலில் இந்த வித்தியாசம் மிகக் குறைவு. பின்னோக்கி மிதித்தால் சக்கரமும் பின்னால் வந்தால் அது ஃப்ரீவீல் இல்லாத ஏ.எஸ்.சி.; கிடைப்பது அரிது, விலையும் அதிகம், அதைப் பழகும் கைக்கு விடாதீர்கள். 1950-களின் எஸ்.டபிள்யூ. வேறு சாதி: பிறை வடிவ நாக்குகள், ஸ்பிரிங் கிடையாது, தடித்த எண்ணெய் பட்டாலே சண்டித்தனம் செய்யும். இடப்பக்கம் அகன்ற தட்டு போல இருந்தால் டைனமோ சேர்ந்த ஏ.ஜி. அதன் காந்த வளையத்தையும் உள்ளே இருக்கும் சுருளையும் ஒன்றாகவே கழற்றுங்கள். சுருளை மட்டும் உருவினால் காந்தம் பலம் இழக்கும், விளக்கு மங்கிவிடும்.

ஏ.டபிள்யூ.வுக்கு வருவோம். முதலில் கியர் கேபிளிலிருந்து அச்சுக்குள் போகும் சின்னச் சங்கிலியை இடஞ்சுழியாகத் திருகி வெளியே எடுங்கள். அதை விட்டுவிட்டுச் சக்கரத்தை உருட்டினால் கம்பி வளைந்து உள்ளேயே முறியும். பிறகு இடப்பக்க லாக் நட்டையும் கோனையும் (பேரிங் குண்டுகளைத் தாங்கும் கூம்பு நட்டு) கழற்றுங்கள். வலப்பக்கம் இரண்டு வெட்டு உள்ள பெரிய வளையம் தெரியும். அதன் திருகு இரட்டைத் தொடக்கம் கொண்டது, அதாவது இரண்டு இடங்களில் எதிலும் பூட்டிக்கொள்ளும். எனவே வளையத்திலும் ஹப்பிலும் நேர்க்கோடாக ஒரு கீறல் போடுங்கள். இல்லாவிட்டால் திரும்பப் பூட்டும்போது தொடக்கம் மாறி, சக்கரம் ஒருபக்கமாகத் தள்ளி நிற்கும், ஸ்போக்கைத் திரும்ப இழுக்க வேண்டிவரும். முனை மழுங்கிய இரும்புப் பஞ்ச் ஒன்றை வெட்டில் வைத்து இடஞ்சுழியாக ஒரே கனமாகத் தட்டுங்கள். உளி வைத்தால் வெட்டு சிதறும். அசையாவிட்டால் துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஓர் இரவு, அதுவும் அறைக்குள். குளிர்ந்த கொட்டகையில் அந்த எண்ணெய் ஊறவே மாட்டேன் என்னும்.

வளையம் கழன்றதும் உள்பாகம் முழுதும் ஒரே கொத்தாக வரும். அச்சின் தட்டைப் பகுதியை வைஸில் நிறுத்திப் பிடித்து, வலது லாக் நட்டு, கோன், கிளட்ச் ஸ்பிரிங், ஸ்ப்ராக்கெட் பூட்டிய டிரைவர் (மிதிப்பை உள்ளே கடத்தும் பாகம்) என்று கழற்றிய வரிசையிலேயே ஒரு தட்டில் அடுக்குங்கள். வளையத்தின் அடியில் 24 சின்னக் குண்டுகள் உதிரியாக இருக்கும். தூசி மூடியைத் தொடாமல் மண்ணெண்ணெயில் அலசினாலே போதும். நான்கு சின்னப் பல்சக்கரங்களின் ஊசிகள் கையோடு வந்துவிடும். நாக்குகளின் ஸ்பிரிங் தலைமுடி போல மெல்லியது, விரைத்த விரலுக்குத் தட்டுப்படாது. வெள்ளைத் துணி விரித்துக்கொள்ளுங்கள்.

கிரீஸ் பேரிங்குகளுக்கு மட்டும். நாக்கில் கிரீஸ் பூசினால் மறுபடி இதே குளிர் நோய். அங்கே மெல்லிய எண்ணெய் போதும். பூட்டிய பிறகு ஒரு தேக்கரண்டி விடலாம்.

வலது கோனை விரலால் முட்டும்வரை திருகி, அரைச்சுற்று தளர்த்தி லாக் செய்யுங்கள். அதற்குமேல் தளர்த்தினால் கியர் நிலை பிசகும். ஆட்டம் சரிசெய்வதெல்லாம் இடது கோனில்தான்; சக்கர விளிம்பில் இம்மியளவு ஆட்டம் இருக்கலாம். கேபிளைப் பூட்டி, இரண்டாம் கியரில் வைத்து வலது நட்டின் துளை வழியே பாருங்கள்: சங்கிலி தொடங்கும் கம்பியின் தோள் அச்சின் முனையோடு சமமாக நிற்க வேண்டும்.