டிரேக்கின் வீட்டில் கிரென்வில்லைத் தேடி

இங்கிலாந்தின் டெவன் பக்கம் பக்லண்ட் அபி என்ற பழைய வீட்டுக்குப் போகிறவர்களில் பெரும்பாலானவர்கள் பிரான்சிஸ் டிரேக்குக்காகத்தான் போகிறார்கள். உலகத்தைக் கப்பலில் சுற்றி வந்த ஆள், இங்கிலாந்தைப் பிடிக்க வந்த ஸ்பெயினின் அர்மடா கப்பற்படையோடு மோதியவர், ஆபத்து வந்தால் தானாக ஒலிக்கும் என்று கதை கட்டப்பட்ட அவருடைய முரசு என்று வீடு முழுக்க அவர் பேச்சுதான். நான் போனது அந்த வீட்டை விற்றவருக்காக. சர் ரிச்சர்ட் கிரென்வில், எலிசபெத் காலத்துக் கப்பல் தலைவர், டிரேக்கைப் போலவே கடல் பைத்தியம், ஆனால் அதிர்ஷ்டம் மட்டும் கொஞ்சம் கம்மி.

பக்லண்ட் முதலில் 1278-இல் தொடங்கிய சிஸ்டெர்ஷியன் துறவிகளின் மடம். அரசர் எட்டாம் ஹென்றி மடங்களை மூடியபோது இதுவும் போயிற்று, 1541-இல் கிரென்வில்லின் தாத்தா வாங்கிவிட்டார், அவர் பெயரும் ரிச்சர்ட்தான். அப்பா ரோஜர், மேரி ரோஸ் கப்பலின் கேப்டன். 1545 ஜூலையில் போர்ட்ஸ்மத்துக்கு எதிரே அந்தக் கப்பல் கவிழ்ந்து கிட்டத்தட்ட ஐந்நூறு பேர் மூழ்கினார்களே, அதில் அவரும் ஒருவர். மகனுக்கு அப்போது மூன்று வயது.

அந்த மகன் வளர்ந்து மடத்துத் தேவாலயத்தை வீடாக மாற்றினான். பக்கத்தில் புதிதாகக் கட்டாமல், தேவாலயத்துக்குள்ளேயே குறுக்கே தளம் போட்டு மாடிகள் எழுப்பிவிட்டான்! வெளியே நின்று கோபுரத்தைப் பார்த்தால், இடித்துத் தள்ளிய சிறகின் கூரை எங்கே வந்து ஒட்டியிருந்தது என்ற கோடு இன்னும் சுவரில் தெரிகிறது. பெரிய கூடத்தில் சுவரின் மேல்விளிம்பு நெடுகச் சுதைச் சிற்பம், அதில் 1576 என்று ஆண்டு. ஒரு வீரன் கவசத்தைக் கழற்றி மரத்தில் மாட்டிவிட்டுக் களைத்து உட்கார்ந்திருக்கிறான், பக்கத்தில் மண்டையோடும் மணற்கடிகாரமும். முப்பத்து நான்கு வயசுக்காரர் வீட்டில் இப்படி ஓய்வு பெற்ற வீரனை வைப்பானேன் என்று எனக்குத் தோன்றியது.

ஒரு காரணம் இருக்கலாம். 1574-இல் தென்கடலுக்கு, அதாவது பசிபிக் பக்கம், போகும் திட்டம் ஒன்றை கிரென்வில் அரசியிடம் வைத்தார். ஸ்பெயினைச் சீண்ட வேண்டாம் என்று அது நின்றுபோனது. மூன்று வருஷம் கழித்து ஏறக்குறைய அதே வழியில் கிளம்பிய டிரேக், 1580 செப்டம்பரில் பொக்கிஷத்தோடு திரும்பி ஊரே கொண்டாடும் ஆளாகிவிட்டார். அடுத்த சில மாதங்களிலேயே பக்லண்ட் 3,400 பவுண்டுக்குக் கைமாறியது. வாங்கியவர்கள் இரண்டு பேர், அவர்களுக்குப் பின்னால் இருந்தது டிரேக். யாருக்கு விற்கிறோம் என்றே தெரியாமல் கிரென்வில் விற்றார் என்று சொல்வதுண்டு. உண்மையோ பொய்யோ, தெரிந்தபோது வயிறு எரிந்திருக்கும்.

ஆனால் ரொம்பவும் பரிதாபப்பட வேண்டாம், ஆள் முரடு. இருபது வயதில் லண்டன் தெருச் சண்டையில் ஒருவரைக் குத்திக் கொன்று மன்னிப்பு வாங்கியவர். கார்ன்வாலில் ஷெரீஃபாக இருந்தபோது கத்பெர்ட் மேய்ன் என்ற கத்தோலிக்கக் குருவைப் பிடித்துக் கொடுத்தார், 1577 நவம்பரில் லான்செஸ்டனில் அவரைக் கொன்றார்கள். 1585-இல், அமெரிக்காவில் குடியேற்றம் அமைக்க முயன்ற உறவினர் வால்டர் ராலேக்காக ஏழு கப்பல்களோடு அமெரிக்காவின் ரோனோக் பக்கம் போனபோது, ஒரு வெள்ளிக் கிண்ணம் காணாமல் போனதற்காக ஒரு கிராமத்தையும் அதன் சோளப் பயிரையும் கொளுத்திவிட்டார்கள். ஒரு கிண்ணத்துக்கு!

கிரென்வில் கதையின் இன்னொரு முனை வட டெவனில் பிடஃபர்டில் இருக்கிறது. டோரிஜ் ஆற்றின்மேல் 24 வளைவுகள் கொண்ட நீளமான பாலம், ஒரு வளைவின் அகலம்போல இன்னொன்று இருக்காது. பக்கத்திலேயே செயின்ட் மேரி தேவாலயம், கோபுரம் மட்டும் பழசு, மற்றதெல்லாம் 1860-களில் திரும்பக் கட்டியது. அமெரிக்காவிலிருந்து கிரென்வில் கூட்டிவந்த ஒரு பூர்வகுடி மனிதருக்கு 1588-இல் இங்கேதான் ஞானஸ்நானம் கொடுத்து ராலே என்று பெயர் வைத்தார்கள். மறு வருஷமே இறந்து இங்கேயே புதைக்கப்பட்டார். சொந்தப் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை. பக்லண்டில் பார்த்த எல்லாவற்றையும்விட எனக்கு மனதில் நிற்பது இவர் கதைதான்.

அப்புறம் 1591. அட்லாண்டிக்கில் அசோர் தீவுகளில் ஃபுளோரஸுக்கு அருகே, வெள்ளி ஏற்றி வரும் ஸ்பெயின் கப்பல்களுக்காகக் காத்திருந்த ஆங்கிலக் கப்பல்கள்மீது 53 ஸ்பானியக் கப்பல்கள் வந்தன. மற்றவர்கள் விலகிவிட்டார்கள். ரிவெஞ்ச் கப்பலிலிருந்த கிரென்வில் கரையிலிருந்த நோயாளிகளை ஏற்றுவதற்காகத் தாமதித்து, பிறகு விலகிப் போகவும் மறுத்து, சுமார் பதினைந்து மணி நேரம் சண்டை போட்டார். மூன்று வருஷத்துக்கு முன் அர்மடாவோடு மோதும்போது டிரேக்கின் கப்பலாக இருந்தது இதே ரிவெஞ்ச்தான், வீடு அங்கே போனது, கப்பல் இங்கே வந்தது. கடைசியில் கப்பலை வெடி வைத்துத் தகர்க்கச் சொன்னார். ஆட்கள் கேட்கவில்லை, சரணடைந்தார்கள். இந்தச் சண்டையை வீரகாதையாகவே சொல்லிப் பழகிவிட்டார்கள், என் ஓட்டு அந்த மாலுமிகளுக்குத்தான். கிரென்வில் ஸ்பானியத் தலைமைக் கப்பலில் சில நாளில் இறந்தார், ரிவெஞ்ச் புயலில் மூழ்கியது.

அவர் மதுக் கிண்ணத்தைப் பல்லால் கடித்து நொறுக்கி, வாயில் ரத்தம் வழிய விழுங்குவார் என்று எழுதி வைத்தவர் லின்ஸ்கோட்டன் என்ற டச்சுக்காரர். நம்ம கோவாவில் பேராயரிடம் செயலாளராக இருந்துவிட்டு ஊர் திரும்பும் வழியில் அசோர் தீவுகளில் தங்கியிருந்தவர்.

கிரென்வில்லின் பேரன் பெவில் உள்நாட்டுப் போரில் அரசர் பக்கம் நின்று 1643-இல் பாத் அருகே லான்ஸ்டவுனில் செத்தார், அங்கே நினைவுச் சின்னம் இருக்கிறது. கொள்ளுப்பேரன் ஜான் பாத் பிரபுவானார், கார்ன்வாலில் ஸ்டோவில் பிரம்மாண்டமாக மாளிகை கட்டினார், 1739-இல் அதையும் இடித்துவிட்டார்கள்.

போக நினைப்பவர்களுக்கு: பிளிமத்திலிருந்து டாவிஸ்டாக் பஸ்ஸில் ஏறி யெல்வர்டனில் இறங்கினால் பக்லண்டுக்கு நடக்கலாம், நல்ல ஏற்ற இறக்கம், செருப்பு வேண்டாம். பிடஃபர்டுக்கு எக்ஸெட்டரிலிருந்து பார்ன்ஸ்டபிள் ரயில், அங்கிருந்து பஸ். நேரமிருந்தால் போர்ட்ஸ்மத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1982-இல் கடலிலிருந்து தூக்கிய மேரி ரோஸ் அங்கேதான் இருக்கிறது, அப்பா ரோஜரின் கப்பல்.