வலை சுற்றிய காற்றாடியும் என் இடது காலும்

திருப்புல்லாணியிலிருந்து சேதுக்கரைக்குப் போகும் வழியில் எங்கள் குடும்பத்துக்கு ஒரு பனந்தோப்பு உண்டு. அப்பா காலத்துக்குப் பிறகு கவனிப்பாரில்லாமல் கிடந்த சில ஆண்டுகளில் பனைகளுக்கு நடுவே சீமைக்கருவேலம் புகுந்து, தோப்பை ஆள் நுழைய முடியாத முட்காடாக்கிவிட்டது. அதை அழிப்பதற்காக, தகட்டைச் சுற்றி ஓடும் பற்சங்கிலியால் மரம் அறுக்கும் இயந்திரமான செயின்சா ஒன்றை வாங்கினேன். கூடவே, தொடை முதல் பாதம் வரை கால்களின் முன்புறத்தை மூடி, இடுப்பிலும் காலின் பின்புறத்திலும் வாரால் கட்டிக்கொள்ளும் சாப்ஸ் என்ற பாதுகாப்பு உறையையும் வாங்கினேன். முதல் நாள் அதைக் கட்டிக்கொண்டு தோப்புக்குள் இறங்கியபோது, உதவிக்கு வந்திருந்த பெரியப்பா மகன், "என்னப்பா, கிரிக்கெட் ஆடப் போறியா?" என்று கேட்டுச் சிரித்தார். கடந்த புரட்டாசிக்குப் பிறகு அண்ணன் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை.

சீமைக்கருவேலம் ஒற்றைத் தண்டாக நிமிர்ந்து வளரும் மரமன்று. ஒருமுறை வெட்டப்பட்ட தூரிலிருந்து ஏழெட்டுக் கிளைகள் வெடித்து, ஒன்றையொன்று நெருக்கி, சில தரையோடு சாய்ந்து வில்லாக வளைந்து நிற்கும். அவற்றை அறுக்க வேண்டுமானால் குனிந்து, இயந்திரத்தை முழங்கால் உயரத்திலோ அதற்குக் கீழோ பிடித்துத்தான் ஆக வேண்டும். அந்தப் புரட்டாசியில் ஒரு நாள் காலை அப்படி வளைந்திருந்த ஒரு கிளையை அறுத்துக்கொண்டிருந்தேன். எதிர்பார்த்ததற்கு முன்பே கிளை முறிந்து விலகியது. அதுவரை மரம் தாங்கிக்கொண்டிருந்த இயந்திரத்தின் பாரம் முழுவதும் என் கைக்கு வர, சங்கிலி இன்னும் ஓடிக்கொண்டிருந்த நிலையிலேயே அதன் தகடு கீழிறங்கி, முழங்காலுக்கு ஒரு சாண் மேலே இடது தொடையில் பட்டது. யாரோ குச்சியால் தட்டியதுபோல் இருந்தது. இயந்திரம் ஒரு முறை முக்கியது; சங்கிலி நின்றுவிட்டது. குனிந்து பார்த்தால், மேல்துணி நான்கு விரல் நீளத்துக்குக் கிழிந்து, உள்ளிருந்து வெள்ளை இழைகள் இலவம்பஞ்சு வெடித்ததுபோல் வெளியே தொங்கின. உள்ளே போட்டிருந்த பேன்ட்டில் ஒரு கீறல்கூட இல்லை.

இந்த உறையைப் பற்றிப் பலர் கொண்டிருக்கும் எண்ணம், நானும் முதலில் கொண்டிருந்த எண்ணம், அது இரும்புக் கவசம்போல அறுபடாத துணி என்பது. உண்மை அதற்கு நேர்மாறானது. அது அறுபட வேண்டும். அறுபட்டால்தான் வேலை செய்யும். மேல்துணிக்கு உள்ளே பாலியெஸ்டர், அராமிட் போன்ற வலுவான இழைகளை நீளநீளமாகவும் தளர்வாகவும் பல அடுக்குகளில் வைத்திருக்கிறார்கள். சங்கிலியின் பல் மேல்துணியைக் கிழித்ததும் இந்த இழைகளைக் கொத்தாக இழுத்துக்கொண்டு ஓடி, சங்கிலியைச் சுழற்றும் பற்சக்கரத்துக்குள் அவற்றைத் திணித்துவிடுகிறது. சக்கரம் அடைபட்டு, ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் சங்கிலி நின்றுபோகிறது. நம் கடற்கரைக்காரர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. விசைப்படகின் அடியில் சுழலும் காற்றாடியில் வலை சுற்றிக்கொண்டால் எவ்வளவு பெரிய எஞ்சினும் திணறி நின்றுவிடுவதைப் பாம்பனிலும் மண்டபத்திலும் பார்க்காதவர் யார்? கடலில் அது கேடு. தொடைமேல் அதுவே உயிர்க்காப்பு.

உயிர்க்காப்பு என்று மிகைப்படுத்திச் சொல்லவில்லை. அரிவாள் வெட்டு ஒரு கோடு. செயின்சாவின் வெட்டோ ஏழெட்டு மில்லிமீட்டர் அகலத்துக்குச் சதையை அள்ளி எறிந்துவிட்டுப் போகும் வாய்க்கால். அதற்குள் மரத்தூளும் சங்கிலி எண்ணெயும் புகுந்திருக்கும். தொடையின் பெரிய இரத்தக்குழாய் அறுபட்டால் சில நிமிடங்களே கையில் இருக்கும். எங்கள் தோப்பு போன்ற இடத்திலிருந்து 108ஐ அழைத்து, வண்டி வந்து, இராமநாதபுரம் அரசு மருத்துவமனையை அடைவது சில நிமிடங்களில் நடக்கிற காரியமல்ல.

அடிபடுவது எப்போதும் இடது கால்தானா என்று அண்ணன் கேட்டார். பெரும்பாலும் இடது கால்தான். எந்த நிறுவனத்தின் செயின்சாவும் இடக்கை முன்பிடியிலும் வலக்கை பின்பிடியின் விசையிலும் இருக்கும்படியே செய்யப்படுகிறது. நிற்கும்போது இடது கால் சற்று முன்னே இருக்கும். அறுப்பு முடிந்து கை தாழும்போது தகடு இறங்கும் இடமும் அதுதான். தகட்டின் நுனி எதிலாவது பட்டு இயந்திரம் மேல்நோக்கித் துள்ளுவதைப் பற்றி எல்லோரும் எச்சரிக்கிறார்கள். அது தலையையும் தோளையும் நோக்கி வரும் ஆபத்து. காலுக்கு வருவதோ, எனக்கு நேர்ந்ததுபோல, அறுப்பு முடிகிற அந்தக் கணத்திலும், ஒரு தூரிலிருந்து அடுத்த தூருக்கு பிரேக் போடாமல் நடக்கும்போதும்தான்.

நம் பக்கத்தில் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு இந்த இயந்திரத்தை ஓட்டுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு இப்போது வயிறு கலங்குகிறது. பருத்தித் துணிக்குச் சங்கிலியை நிறுத்தும் ஆற்றல் கிடையாது. தளர்ந்த முனை சிக்கினால், சங்கிலி அதை இழுத்து இயந்திரத்தையே காலோடு சேர்த்துவிடும். தடித்த ஜீன்ஸ் போட்டிருக்கிறேன் என்பதும் பதிலாகாது. வெயிலையும் கடற்காற்றின் புழுக்கத்தையும் காரணம் சொல்பவர்களை நான் குறை சொல்லமாட்டேன். அந்த உறைக்குள் வியர்வை வழிவது உண்மை. ஆனால் பின்புறம் திறந்திருக்கும் சாப்ஸில் இதே காப்பு முழுக் கால்சட்டையாகவே வரும் வகையைவிடக் காற்று நன்றாக நுழையும். விடிந்ததும் தொடங்கி ஒன்பது மணிக்கு இயந்திரத்தை அணைத்துவிடுவது என்று நாங்கள் வைத்துக்கொண்டோம். கருவை முள் காலில் ஏறாமலிருப்பது கேட்காமல் கிடைத்த நன்மை.

அதற்காக இதைக் கட்டிக்கொண்டால் எதுவும் ஆகாது என்று நினைப்பதும் தவறு. ஐரோப்பியத் தர முறையில் இந்த உறைகளை எந்தச் சங்கிலி வேகத்தில் சோதித்தார்கள் என்பதைக் கொண்டு வகுப்புப் பிரிக்கிறார்கள்: முதல் வகுப்பு நொடிக்கு 20 மீட்டர், இரண்டாவது 24, மூன்றாவது 28. நொடிக்கு 20 மீட்டர் என்பது மணிக்கு 72 கிலோமீட்டர். முழு விசையில் பல இயந்திரங்களின் சங்கிலி அதைவிட விரைவாகவே ஓடும். எனவே காயத்தின் ஆழத்தை இது குறைக்கலாம், காயமே படாது என்பது உறுதியல்ல. பேட்டரியில் ஓடும் செயின்சாவிடம் இன்னும் கவனம் தேவை. பெட்ரோல் இயந்திரத்தில் பற்சக்கரம் அடைபட்டால் கிளட்ச் வழுக்கிக் கொடுத்துவிடும். மின்மோட்டாரோ வேகம் குறைந்த நிலையிலும் முழு முறுக்கோடு தள்ளுவதால், இழைகளையும் மீறிச் சங்கிலி நகரக்கூடும். சத்தமில்லாத மெஷின், சாதுவான மெஷின் என்று அதைக் கையில் எடுப்பவர்கள் இதை அறிந்திருக்க வேண்டும். தென்னையிலோ வேறு மரத்திலோ ஏறி நின்று அறுப்பவர்களுக்கு முன்புற உறை போதாது. கால் எந்தப் பக்கம் திரும்பியிருக்கும் என்று சொல்லமுடியாத அந்த வேலைக்குச் சுற்றிலும் இழை வைத்த கால்சட்டையே வேண்டும்.

அன்று பற்சக்கரத்தின் மூடியைக் கழற்றி, உள்ளே கயிறாக முறுகிப் போயிருந்த இழைகளைக் கொறட்டால் இழுத்தெடுக்க அரை மணி நேரம் ஆயிற்று. கிழிந்த இடத்தைத் தையற்கடையில் கொடுத்து ஒட்டுப்போட்டு வாங்கிவிடலாம் என்று அண்ணன் சொன்னார். விலையை நினைத்து எனக்கும் ஒரு கணம் சபலம் தட்டியது. ஆனால் இழைகள் ஒருமுறை உருவப்பட்ட உறையில் அந்த இடம் வெறும் துணிதான். போதாக்குறைக்குத் தையல் ஊசி எல்லா அடுக்குகளையும் சேர்த்துத் தைத்துவிட்டால், தளர்ந்து ஓடிவர வேண்டிய இழைகள் கட்டுண்டு கிடக்கும். அடுக்குகள் எண்ணெயிலும் பிசினிலும் ஊறி இறுகினாலும் அதே கதிதான். ஆகவே, துணியில் தைத்திருக்கும் குறிப்பின்படி மிதமான சோப்பில் அலசி நிழலில் உலர்த்த வேண்டும். அராமிட் இழைக்குப் பிளீச்சும் நேரடி வெயிலும் ஆகாது. வெயிலுக்குப் பஞ்சமில்லாத நம் ஊரில், துவைத்த எதையும் கொடியில் போட்டுவிடும் பழக்கம் இந்த ஒன்றுக்கு மட்டும் விலக்கு.

வாங்கும்போது, கவசத்தின் வடிவத்துக்குள் செயின்சா படம் போட்ட முத்திரையும் வகுப்பும் உள்ளே அச்சிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். புல்வெட்டும் இயந்திரத்துக்கான முழங்கால் காப்பைக் காட்டி இதுவும் அதுதான் என்று சொன்ன கடைக்காரரை நானே சந்தித்திருக்கிறேன். நீளமும் முக்கியம்: நிற்கும்போது உறையின் கீழ்விளிம்பு காலணியின் மேல் படிய வேண்டும், நடக்கையில் தடுக்கவும் கூடாது.

இந்த முறை இரண்டு உறைகள் வாங்கினேன். அண்ணன் என்னைவிட நான்கு விரற்கடை உயரம் என்பதால் அவருக்கு அடுத்த அளவு. அதைக் கட்டிப் பார்த்துவிட்டு அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "உள்ள கைலி கட்டிக்கிறலாமுல்ல?" பின்வாரைக் காலோடு இழுத்து மாட்ட முடியாது என்பதைக் காட்டிய பிறகு, மகனின் பழைய பேன்ட் ஒன்றைத் தேடிக்கொண்டு வீட்டுக்குள் போனார்.